ஃபைபர் படகின் தளத்துக்கு வழுக்காத பெயின்ட்: நாமே அடிப்பது எப்படி

படகின் முன்பக்கமான அணியத்தில் நின்று நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா வழுக்கி விழுந்தார். அன்றைக்குக் கடல் அமைதியாகத்தான் இருந்தது. முதல் நாள் பிடித்த மத்தியின் செதிலும் எண்ணெய்யும் தளத்தில் காய்ந்து ஒட்டியிருந்தன, அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெறித்தது, அவ்வளவுதான். மணிக்கட்டு எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். கடல் பக்கம் விழாமல் படகுக்குள் விழுந்தாரே என்று இன்றைக்கும் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அதற்கப்புறம் அந்த 28 அடி ஃபைபர் படகின் தளம் முழுவதையும் வழுக்காத மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று நானும் அவரும் உட்கார்ந்து வேலை செய்தோம். முதல் தடவை தப்பாகச் செய்தோம், ஆறே மாதத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி எழுந்துவிட்டது. இரண்டாவது தடவை செய்தது நிற்கிறது. முதல் தடவை எங்கே தவறினோம் என்பது தெரிந்தால் நீங்கள் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபைபர் தளம் ஏன் இவ்வளவு வழுக்குகிறது? கண்ணாடி இழை விரிப்பையும் (மேட்) ரெசினையும் அச்சுக்குள் அடுக்கி எடுக்கும்போது அச்சைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக வரும். அந்த வெளிப்பூச்சுக்குப் பெயர் ஜெல்கோட். காய்ந்திருக்கும்போது அதில் நடப்பதில் ஒரு சிரமமும் இல்லை. ஈரமானால், அதுவும் மீன் கொழுப்போ டீசலோ சேர்ந்துவிட்டால், காலுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு படலம் உட்கார்ந்துவிடுகிறது, பிடிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. நாம் செய்யப்போகும் வேலை அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும்படி சின்னச் சின்ன மேடுகளை உண்டாக்குவதுதான். பெயின்ட் அந்த மேடுகளைத் தளத்தோடு பிடித்து வைக்கிற பசை மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எப்போது செய்யலாம்? படகு கரையேறி நிற்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும், ஒரு வாரம் கையில் இருக்க வேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கு என்றாலும் படகு வேலை எல்லாமே கரையில் அந்த நாட்களில்தான் நடக்கும், பொருளும் ஆளும் பக்கத்திலேயே கிடைக்கும், மழையும் இருக்காது. வெயில்தான் கடுமை, அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

முதலில் மணல்

பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் மணலை முடிவு செய்யுங்கள். இதில்தான் நாங்கள் முதல் தடவை கெட்டோம். கடற்கரையில் கொட்டிக் கிடக்கிறதே என்று கடல் மணலை இரண்டு தடவை அலசிக் காயவைத்துத் தூவினோம். உப்பு அப்படியெல்லாம் போகாது. பெயின்டுக்கு அடியில் உப்பு கொஞ்சம் மாட்டினாலும் அது பெயின்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் சேரச் சேரக் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் உடைந்த இடத்திலிருந்து பெயின்ட் உரிய ஆரம்பிக்கும். கடல் மணல் வேண்டவே வேண்டாம்.

வாங்க வேண்டியது கழுவிக் காயவைத்துச் சலித்த சிலிக்கா மணல். குடிநீர் வடிகட்டிப் பொருட்கள் விற்கும் கடைகளிலும், வார்ப்புப் பட்டறைகளுக்குப் பொருள் கொடுக்கிற இடங்களிலும் மூட்டையாகக் கிடைக்கும். அளவை மெஷ் (சல்லடைக் கண்) கணக்கில் சொல்வார்கள். 30-60 மெஷ் என்றால் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரை உள்ள மணி. 20-40 என்றால் அதைவிடப் பெரிசு, கரகரப்பு கூடும். இதைவிடக் கெட்டியாக வேண்டுமென்றால் அலுமினியம் ஆக்சைடு இருக்கிறது, எமரிக் கல்லில் இருக்கும் பொருள், சீக்கிரம் தேயாது. ஆனால் அதன் முனைகள் கத்தி மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் மணிகளும் உண்டு, அவை எடை குறைவு, உருண்டை, காலுக்கு இதம், விலைதான் கூட.

இந்த விஷயத்தில் வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றாதீர்கள். அவர்கள் ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு பாய்மரப் படகில் நடக்கிறவர்களுக்காக எழுதுகிறார்கள். நம் ஆட்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள், எட்டு மணி நேரம் தண்ணீரில் ஊறிய பாதத்தோடு. ஊறிய தோல் மிக லேசாகக் கிழியும். கூர்மையான மணல் போட்ட தளத்தில் மண்டி போட்டு வலை பிரித்தால் முழங்கால் தோல் போய்விடும். இன்னொன்று வலை. மெல்லிய நைலான் வலை கூரான மணலில் உரசினால் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும், சேதம் ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும்.

அதனால் ஒரு சோதனை செய்யுங்கள், ஒரு நாள் கூடப் பிடிக்கும், பரவாயில்லை. இரண்டடி ஒட்டுப்பலகை ஒன்றை எடுத்து மூன்று பாகமாகப் பிரித்து, மூன்று விதமான மணலைப் போட்டுப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் அதன் மேல் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் ஊற்றி, படகில் வேலை செய்கிறவரையே வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்லுங்கள். பழைய வலைத் துண்டு ஒன்றை அதன் மேல் இருபது தடவை இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா நின்று பார்த்து, திரும்பி, முழங்காலை ஊன்றிப் பார்த்துத்தான் 30-60 மெஷ் போதும் என்று சொன்னார். அணியத்தில் மட்டும், நங்கூரம் இழுக்கிற அந்த நாலடி இடத்தில், 20-40 போட்டோம். எல்லா இடத்துக்கும் ஒரே மணல் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

பெயின்ட் எது, எவ்வளவு

மணல் கலந்தே டப்பாவில் வரும் தளப் பெயின்டுகள் உண்டு, இன்டர்டெக் மாதிரி. கெட்டியாக, தயிர் மாதிரி இருந்து சொரசொரப்பான ரோலரால் மேடுபள்ளம் எடுக்கிற கிவிகிரிப் மாதிரியானவையும் உண்டு. கிடைத்தால் நல்லதுதான், வேலை குறையும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் கையில் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டுமென்றால் வழி இதுதான்: கீழே இரண்டு டப்பா எபாக்ஸி பிரைமர், மேலே இரண்டு டப்பா பாலியூரிதேன் பெயின்ட், அந்தப் பெயின்டின் பூச்சுகளுக்கு நடுவில் மணல். இரண்டு டப்பா என்றால் பெயின்ட் தனியாகவும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் தனியாகவும் வருவது.

எபாக்ஸியையே மேல் பூச்சாகவும் அடித்துவிடலாமே என்று கேட்பார்கள். எபாக்ஸி பிடிப்பில் ராஜா, வெயிலில் நிற்காது, சில மாதத்தில் சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிர ஆரம்பிக்கும். சாதாரண சிந்தெடிக் எனாமல் விலை மலிவு, வருஷா வருஷம் அடிக்கத் தயார் என்றால் அடிக்கலாம், ஆனால் டீசல் சிந்தினால் இளகும், மணலை நீண்ட நாள் பிடித்து வைக்காது. முடிந்தவரை பிரைமரையும் பெயின்டையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். எதன் மேல் எதை அடிக்கலாம் என்பது அவர்களுடைய தொழில்நுட்பத் தாளில் இருக்கும், கடைக்காரரிடம் கேட்டால் கொடுப்பார்.

நிறம்: வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறம். தூய வெள்ளை மத்தியானத்தில் கண்ணைக் கூசும். கரும்பச்சை, நீலம் எல்லாம் வெறுங்காலைச் சுட்டுவிடும், காலை வைக்க முடியாத தளத்தில் பிடிப்பு இருந்து என்ன பயன்.

அளவுக்கு எங்கள் படகையே உதாரணமாகச் சொல்கிறேன். அணியம், மீன் பள்ளத்தின் மூடிகள், குறுக்குப் பலகைகள், எஞ்சின் பெட்டி மூடி, பின்னால் ஓட்டுகிறவர் நிற்கும் இடம், எல்லாம் சேர்த்து 80 சதுர அடி. அதாவது ஏறக்குறைய ஏழரை சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் வரும் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் அது வழவழப்பான பரப்புக்கான கணக்கு. மணல் மேல் அடிக்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். எங்களுக்குப் பிரைமர் 1 லிட்டரும் பெயின்ட் 4 லிட்டரும் ஆனது. மணல் 15 கிலோ வாங்கினோம், பாதிக்கு மேல் ஒட்டாமல் திரும்பக் கூட்டி எடுத்தோம்.

கழுவுவதும் துடைப்பதும்

இனி வேலை. தளத்தில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றுங்கள். கயிறு கட்டும் கொம்பு, வளையம், மூடியின் கீல், விளக்குக் கம்பத்தின் அடித்தட்டு. கழற்றாமல் சுற்றி அடித்தால் அந்த ஓரத்தில்தான் முதலில் தண்ணீர் புகும்.

அப்புறம் பாத்திரம் கழுவும் திரவமும் முரட்டுப் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, அதில் கழுவினால் உப்பை நாமே பூசிவிடுகிற மாதிரி. நாங்கள் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினோம், இரண்டு கேன் போதுமாக இருந்தது.

கழுவிக் காய்ந்த பிறகு ஒரு குவளை தண்ணீரைத் தளத்தில் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய்யோ மெழுகோ இருக்கிறது. புதுப் படகில் அச்சிலிருந்து பிரிவதற்காகத் தடவிய மெழுகு ஜெல்கோட்டில் ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும், பிறகு எதை அடித்தாலும் நிற்காது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் கழுவு, பிறகு மெழுகெடு, அதற்குப் பிறகுதான் தேய்ப்பு.

மெழுகெடுக்கக் கை இரண்டிலும் துணி வேண்டும். பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும், வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள், சாயத் துணி தின்னரில் கரைந்து நிறம் விடும். ஒரு கையில் தின்னர் நனைத்த துணி, இன்னொரு கையில் காய்ந்த துணி. ஈரத் துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்ததும் அது காய்வதற்குள் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த மெழுகு அதே இடத்தில் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். அசிட்டோன் நம் வெயிலில் துடைப்பதற்குள் பறந்துவிடுகிறது, பெயின்ட் கம்பெனியின் தின்னரே வசதி. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும், பெட்ரோல் உயிருக்கு ஆபத்து, இரண்டையும் தொடாதீர்கள். இந்த வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது என்பதை முதலிலேயே சுற்றி நிற்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தட்டிப் பாருங்கள்

பெயின்ட் அடிக்கும் முன் தளத்தை ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தாலோ உளியின் மரப்பிடியாலோ அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். ஃபைபர் மேட்டும் ரெசினும் பிரிந்துபோன இடமும், உள்ளே பலகை ஊறிய இடமும் மொத்தென்று கேட்கும். மிதித்தால் அமுங்குகிற இடமும் அதே மாதிரிதான். அங்கே பெயின்ட் அடித்துப் பயனில்லை, மேலே தெரியாமல் மறைத்துவிடுவதால் உள்ளே இன்னும் மோசமாகும். அதை அறுத்துத் திறந்து, காயவைத்து, புதிதாக மேட் போட்டு எடுக்க வேண்டும். அந்த வேலையை ஃபைபர் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

மெல்லிய விரிசல்களை நாமே பார்க்கலாம். விரிசலின் மேல் நேராகப் பட்டி பூசினால் பட்டி உள்ளே போகாது. முக்கோண சுரண்டியால் விரிசல் நெடுகக் கீறி, ஒரு சின்ன வாய்க்கால் மாதிரித் திறந்துவிட்டு, துடைத்து, எபாக்ஸி பட்டியை அழுத்தி நிரப்ப வேண்டும். கழற்றிய திருகு ஓட்டைகள் தளர்ந்திருந்தால் அவற்றையும் நிரப்பிவிட்டு, காய்ந்தபின் புதிதாகத் துளை போடலாம். சின்ன ஓட்டைக்கு எம்-சீல் கூடப் போதும். காருக்குப் போடுகிற பட்டி வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சும்.

ஈரம் இருக்கிறதா என்பதில் சந்தேகம் வந்தால், ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் காயட்டும். அவசரப்பட்டு ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அதுவும் கொப்புளத்தில்தான் போய் முடியும்.

தேய்ப்பு

சலிப்பான வேலை, ஆனால் பாதிப் பிடிப்பு இங்கேதான் வருகிறது. வெறும் ஜெல்கோட்டுக்கு 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 120-ல் முடிக்கலாம். பளபளப்பு எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது, முழுக்க மங்கலாக, ஒரே மாதிரி தெரிய வேண்டும். மூலைகளையும் மூடியின் விளிம்புகளையும் கையால்தான் தேய்க்க முடியும், இயந்திரம் அங்கே போகாது, அங்கேதான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அச்சிலேயே வைரக்கட்டம் போட்ட தளமாக இருந்தால் கட்டத்தின் பள்ளங்களுக்குக் கம்பி பிரஷ் போடுங்கள்.

ஏற்கனவே பெயின்ட் இருந்தால் அது எப்படிப்பட்டது என்று பாருங்கள். தின்னர் நனைத்த துணியை ஒரு மூலையில் சில நிமிடம் வைத்து எடுத்தால் இளகுகிறதா? இளகினால் அது எனாமல் வகை, அதன் மேல் இரண்டு டப்பா பெயின்ட் அடித்தால் சுருங்கித் தோல் மாதிரிக் கிளம்பும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. இளகவில்லையென்றால் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வரவில்லை என்றால் அதன் மேலேயே தேய்த்துவிட்டு அடிக்கலாம்.

ஃபைபர் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது, என்95 முகக்கவசம் கட்டாயம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. தூள் தோலில் பட்டால் நமைச்சல் இரண்டு நாள் போகாது. முடித்ததும் தூளைக் கூட்டி, துணியில் தின்னர் தொட்டு இன்னொரு முறை துடைத்துவிடுங்கள்.

டேப் ஒட்டும்போது

தளம் முழுவதையும் மணலால் மூட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஓரங்களில் ஒன்றரை அங்குலம், தண்ணீர் வடியும் வழி, மூடியைச் சுற்றி, கயிறு கட்டும் கொம்பின் அடி, இவை வழவழப்பாகவே இருக்கட்டும். தண்ணீர் தங்காமல் ஓடும், துடைக்க எளிது, கயிறு தேயாது. வலை ஏறி இறங்கும் விளிம்பில் மணல் ஒரு மணி கூட வேண்டாம்.

மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்துவிடுங்கள். கூரான மூலைதான் முதலில் உரியும். ஒரு பால் டப்பா மூடியை வைத்துப் பென்சிலால் வளைவு வரைந்து, டேப்பை அதற்குமேல் ஒட்டி, பிளேடால் கோட்டின் மேல் மெதுவாக அறுத்தால் போதும், தளத்தில் கீறல் விழாமல் கையை லேசாக வையுங்கள். டேப்பின் உள் விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்க்காவிட்டால் பெயின்ட் அடியில் புகுந்துவிடும். மலிவான காகித டேப்பை வெயிலில் இரண்டு நாள் விட்டால் பிசின் அங்கேயே தங்கிவிடும், நல்ல டேப்பாக வாங்குங்கள், ஒவ்வொரு நாள் பூச்சுக்கும் (கோட்டுக்கும்) புது டேப் ஒட்டினால் இன்னும் நல்லது. டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே எடுக்க வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் பெயின்டின் ஓரமும் கூட வரும்.

நேரமும் காற்றும்

மே மாத மத்தியானத்தில் படகின் தளத்தில் உள்ளங்கையை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பெயின்ட் பரவுவதற்குள் தோல் கட்டிவிடும், அடியில் மாட்டிக்கொண்ட தின்னர் குமிழாகக் கிளம்பும். அதனால் படகின் மேல் ஒரு கீற்றுப் பந்தலோ தார்ப்பாயோ போட்டுவிடுங்கள். காலையில் பனி காய்ந்தபின், எட்டரை மணிவாக்கில் ஆரம்பித்து, பதினொன்றுக்குள் முடித்துவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறும், மணலையும் உப்புச் சாரலையும் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டவைக்கும். சாயங்காலம் அடித்தால் இரவுப் பனி காயாத பெயின்டில் இறங்கி மங்கச் செய்துவிடும்.

காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அளக்கக் கருவி இல்லையென்றால் ஈரத் துணியால் தளத்தில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்தில் அது காய்ந்து மறையவில்லை என்றால் பெயின்டும் சரியாகக் காயாது.

பிரைமர்

டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை அளவுக் குவளை வைத்து அளந்து கலக்குங்கள், கண் மதிப்பு வேண்டவே வேண்டாம். ஹார்டனர் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் காயும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு, இரண்டு டப்பா பெயின்டில் விகிதம் எந்தப் பக்கம் தவறினாலும் அது ஒழுங்காக இறுகாது. கலந்தபின் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லியிருந்தால் அதையும் கேளுங்கள்.

கலந்த பெயின்டுக்கு ஆயுள் உண்டு. டப்பாவில் 25 டிகிரிக்கு என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள். சூடு 10 டிகிரி கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் மே மாதத்துக்கு அந்தப் பாதிதான் கணக்கு. அதனால் அரை லிட்டர் அரை லிட்டராகக் கலக்குங்கள். கலந்ததை ஆழமான டப்பாவிலேயே விட்டுவிடாமல் அகலமான தட்டில் ஊற்றினால் சூடேறாமல் இருக்கும்.

ஒரு கோட்டு, மெல்லியதாக, ஒரே சீராக. மறுநாள் அடுத்த வேலை. அடுத்த கோட்டை எத்தனை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கெடு இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் தளத்தைத் துடைத்துக் காயவிடுங்கள், இரவில் காற்று கொண்டுவந்த உப்பு அதில் போய்விடும்.

மணல் தூவும் நாள்

இதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் ரோலர், ஒருவர் மணல். மணலைப் பெயின்டிலேயே கலந்து அடிப்பது இன்னொரு முறை, ஒரே ஆள் செய்யலாம், ஆனால் மணல் தட்டின் அடியில் தங்கிவிடும், ஒரு இடம் மொத்தையாகவும் ஒரு இடம் மொட்டையாகவும் வரும். தூவுவதுதான் என் சிபாரிசு.

பாலியூரிதேன் பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவி மூச்சுக்குழலுக்குக் கெடுதல், சிலருக்கு ஆஸ்துமாவே வந்துவிடும். தூளுக்குப் போடுகிற என்95 இந்த ஆவியைத் தடுக்காது. இரசாயன ஆவிக்கான வடிகட்டி வைத்த முகமூடி தனியாக இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும், காற்றோட்டமான இடத்தில், ரோலரிலும் பிரஷ்ஷிலும் மட்டும். ஸ்ப்ரே வேண்டாம். ஏற்கனவே இளைப்பு இருப்பவர்கள் இந்த வேலைக்கு அருகிலேயே வரக் கூடாது, இதில் பிடிவாதமாக இருங்கள்.

ரோலர் சின்னதாக, நாலு அங்குலம், முடி குட்டையாக இருக்கட்டும். மலிவான பஞ்சு ரோலர் இந்தத் தின்னரில் கரைந்து துண்டு துண்டாகத் தளத்தில் ஒட்டும், வாங்குவதற்கு முன் ஒரு துண்டைத் தின்னரில் போட்டுப் பாருங்கள். மணலுக்கு ஒரு பழைய பவுடர் டப்பாவின் மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டுக்கொண்டோம், ரொம்ப நன்றாக வேலை செய்தது.

முன்னிருந்து பின்னாக, அதாவது நீங்கள் இறங்கிப் போகும் பக்கம் கடைசியாக வருமாறு திட்டமிடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் பாலியூரிதேன் பெயின்டை நன்றாகக் கெட்டியாக உருட்டி முடித்ததும், அடுத்தவர் உடனே, தோல் கட்டுவதற்குள், டப்பாவை ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து மழை மாதிரித் தூவ வேண்டும். கிட்டத்தில் பிடித்தால் குவியல் குவியலாக விழும். ஈரப் பெயின்ட் கண்ணில் படாத அளவுக்கு, தளமே மணல்திட்டு மாதிரித் தெரிகிற வரைக்கும் தூவுங்கள். அளவாகப் போடலாம் என்று நினைத்தால்தான் திட்டுத் திட்டாக வரும். நிறையப் போட்டால் வேண்டியதைத் தளம் பிடித்துக்கொள்ளும், மீதியை மறுநாள் எடுத்துவிடலாம். அடுத்த பகுதியை உருட்டும்போது இணைகிற இடத்தில் ஓர் அங்குலம் மணல் போடாத ஈர விளிம்பை விட்டு வையுங்கள், ரோலரில் மணல் ஏறாது.

மூடிகளைத் தனியாகக் கழற்றி நிழலில் வைத்து அடியுங்கள், முதல் மூடியில் கை பழகிக்கொண்டு அப்புறம் அணியத்துக்குப் போவது நல்லது.

மறுநாள் காலையில் தளத்தின் மேல் மெதுவாக நடந்து, தென்னந்துடைப்பத்தால் ஒட்டாத மணலைக் கூட்டி எடுங்கள். சுத்தமாக இருப்பதைச் சலித்து மூட்டையில் வையுங்கள். வெறுங்கையால் தடவிப் பாருங்கள், எங்கேயாவது மொத்தையாகக் குத்திக்கொண்டு நின்றால் உப்புத்தாளால் ஒரு இழுப்பு.

இனி மூடும் கோட்டு. மணல் மணிகளைச் சுற்றிப் பெயின்ட் ஏறி அவற்றைப் பூட்டுகிற கோட்டு இதுதான், இதை விட்டுவிட்டால் முதல் மாதத்திலேயே மணல் உதிர ஆரம்பிக்கும். ஒரு கோட்டு அடித்துக் காய்ந்ததும் வெறுங்காலோடு நின்று பாருங்கள். கரகரப்பு அதிகம் என்றால் இன்னொரு கோட்டு, சரியாக இருந்தால் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு கோட்டும் மேட்டைக் கொஞ்சம் மழுப்பும், காலுக்கு இதமாகும், பிடிப்பு அந்த அளவுக்குக் குறையும். நாங்கள் அணியத்தில் ஒன்றோடு நிறுத்தினோம், வலை பிரிக்கும் இடத்தில் இரண்டு அடித்தோம். கடைசிக் கோட்டு இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே டேப்பை, தன் மேலேயே மடித்த மாதிரி, மெதுவாகப் பின்பக்கமாக இழுத்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம்

24 மணி நேரம் கழித்து லேசாக நடக்கலாம். கழற்றிய கொம்பு, கீல் எல்லாவற்றையும் பாலியூரிதேன் சீலன்ட் வைத்துத் திரும்பப் பொருத்தலாம். ஆனால் நங்கூரம், ஐஸ் பெட்டி, டீசல் கேன் இவற்றை ஏழு நாளுக்குத் தளத்தில் வைக்காதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். சித்தப்பா நாலாவது நாளே கிளம்பப் பார்த்தார், பேசிப் பேசி நிறுத்தி வைத்தோம்.

கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் செதிலையும் ரத்தத்தையும் காய்வதற்குள் பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள். மணல் தளத்தில் அழுக்கு மேடுகளுக்கு நடுவே தங்கும், பள்ளம் அடைத்துக்கொண்டால் தளம் மறுபடி வழுக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பெயின்ட் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு, பெரும்பாலும் அழுத்தித் தேய்த்துக் கழுவினாலே பிடிப்பு திரும்பிவிடும்.

முதலில் தேய்வது ஓட்டுகிறவர் நிற்கும் இடமும், ஆட்கள் ஏறி இறங்கும் இடமும்தான். அங்கே மட்டும் டேப் ஒட்டி, 120 போட்டுத் தேய்த்து, அதே மணலைத் தூவி, மூடும் கோட்டு அடித்தால் போதும், முழுத் தளத்தையும் தொட வேண்டாம். அதற்காகத்தான் மிச்ச மணலைச் சலித்து வைக்கச் சொன்னேன். பெயின்டின் நிற எண்ணையும் வாங்கிய மாதத்தையும் மணல் மூட்டையின் மேலேயே மார்க்கரால் எழுதி, மூட்டையை ஈரம் படாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.